‘உங்களுக்கு இது எதற்கு?’

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திறந்த தரவு, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்படும் தகவல் தொகுப்புகள் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. இத்தனை ஆயிரம் தொகுப்புகள் இணையத்தில் ஏற்றப்பட்டன என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நான் புள்ளிவிவரத் தொகுப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். படிவங்களைச் சரிபார்ப்பது, கூட்டுத்தொகை ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, அட்டவணை போடுவது, இதுதான் என் பிழைப்பாக இருந்தது. அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்ததை வைத்துக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் அலுவலகத்துக்கு யாராவது ஓர் அட்டவணை கேட்டு வந்தால் முதல் கேள்வி, ‘உங்களுக்கு இது எதற்கு?’ ஆய்வு மாணவர் என்றால் கல்லூரியில் கடிதம் வாங்கி வர வேண்டும். பத்திரிகைக்காரர் என்றால் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்பார்கள். இரண்டும் இல்லாத ஆள் என்றால் சந்தேகம்தான். பதில் சரியாக இல்லாவிட்டால் கோப்பு அலமாரிக்கே திரும்பிப் போகும். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பொறுப்பாக நடந்துகொள்வதாகத்தான் நினைப்பு. ஆனால் பொதுத் தரவால் ஊருக்குக் கிடைக்க வேண்டிய பயனை இந்தக் கேள்வி அளவுக்கு வேறு எதுவும் தடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. தரவைச் சேர்த்தவருக்கு அதன் பயன் என்ன என்று பல சமயம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பிராட் தெருவின் அடிகுழாய்தான் காரணம் என்று கண்டுபிடித்த கதை பலருக்குத் தெரியும். அவர் வரைந்த வரைபடத்தைப் பாடப்புத்தகங்களிலும் போடுகிறார்கள். அந்த வரைபடத்துக்கான எண்கள் எங்கிருந்து வந்தன என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. ஸ்னோ பொதுப் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் அந்த வாரத்தின் இறப்புப் பட்டியலை வாங்கினார். வாரத்தின் கடைசி மூன்று நாட்களில் பதிவான 83 மரணங்களை எடுத்துக்கொண்டு, இறந்தவர்கள் எந்தக் குழாயில் தண்ணீர் எடுத்தார்கள் என்று விசாரித்தார். வாராவாரம் மரணங்களைக் காரணத்தோடு தொகுத்து அச்சிடும் முறையைக் கட்டி வளர்த்தவர் அந்த அலுவலகத்தில் இருந்த வில்லியம் ஃபார். என் தொழிலுக்கு அவர் முன்னோர் மாதிரி.

இதில் வேடிக்கை, ஃபாருக்கு ஸ்னோவின் கருத்தில் அப்போது நம்பிக்கை இல்லை. ஆற்றோரத் தாழ்நிலங்களின் கெட்ட காற்றுதான் காலராவுக்குக் காரணம் என்று அவர் நினைத்தார். நிலத்தின் உயரம் கூடக் கூட இறப்பு குறைகிறது என்று அட்டவணை போட்டும் காட்டியிருந்தார். ‘எதற்கு?’ என்று கேட்டிருந்தால் ‘உங்கள் கணக்கு தப்பு என்று காட்டத்தான்’ என்று ஸ்னோ சொல்லியிருக்க வேண்டும். எண்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை ஃபார். 1866-இல் மீண்டும் காலரா வந்தபோது தண்ணீர்தான் காரணம் என்ற பக்கம் அவரே வந்துவிட்டார். (குழாயின் கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது என்று கதையில் சேர்த்துச் சொல்வார்கள். அதற்கு முன்பே நோய் தணிய ஆரம்பித்திருந்தது என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார்.)

நம் காலத்துக்கு வருவோம். பூமியைப் படமெடுக்கும் லாண்ட்சாட் செயற்கைக்கோள்களில் முதலாவதை அமெரிக்கா 1972-இல் ஏவியது. அந்தப் படங்களை நெடுங்காலம் காசுக்குத்தான் விற்றார்கள். ஒரு கட்டத்தில் ஒரு படம் 600 டாலர். விற்பனை மிக நன்றாக இருந்த 2001-இல்கூடப் போனவை சுமார் 25,000 படங்கள். 2008-இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் மொத்தக் களஞ்சியத்தையும் இலவசமாகத் திறந்துவிட்டது. அடுத்த ஆண்டுக்குள் பத்து லட்சம் படங்கள் பதிவிறக்கம் ஆகிவிட்டன.

எண்ணிக்கையை விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. காசு கொடுத்து வாங்கிய காலத்தில் ஆய்வாளர்கள் ஒன்றிரண்டு படங்களைப் பொறுக்கி எடுத்து, அதற்குத் தகுந்த அளவில்தான் கேள்வியையே யோசிப்பார்கள். 2013-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஹான்சன் குழு உலகம் முழுவதும் காடு எங்கே அழிகிறது, எங்கே வளர்கிறது என்று ஒரே வரைபடமாக வெளியிட்டது. அதற்கு ஆறரை லட்சத்துக்கும் அதிகமான லாண்ட்சாட் படங்களை அலசினார்கள். பழைய விலையில் போட்டுப் பார்த்தேன், 39 கோடி டாலர் வருகிறது. எந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கும்? அந்தக் கேள்வியையே யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1972-இல் செயற்கைக்கோளை ஏவியவர்களிடம் ‘எதற்கு’ பட்டியல் கேட்டிருந்தால், இது அதில் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

1971-இல் வெறும் ஏழு புரத வடிவங்களோடு தொடங்கிய புரதத் தரவு வங்கியும் இப்படித்தான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஐம்பது வருடம் சேர்த்துவைத்ததை வைத்துத்தான் புரதத்தின் வடிவத்தைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்டு என்ற கணினி நிரலுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அதை உருவாக்கியவர்களுக்கு 2024 வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது.

சரி, இப்போதெல்லாம் யாரும் நேரில் ‘எதற்கு’ என்று கேட்பதில்லை. அட்டவணையை அச்செடுத்து, ஸ்கேன் செய்து, சாய்ந்த பிடிஎஃப்-ஆக ஏற்றிவிடுகிறார்கள். கணினியில் இருந்த எண்ணைத் தாளுக்குக் கொண்டுபோய் மறுபடி கணினியில் படமாகப் போடும் அந்தச் சாமர்த்தியம் எனக்கு இன்றுவரை புரியவில்லை. வேண்டியவர் உட்கார்ந்து கையால் தட்டச்சு செய்ய வேண்டும். அதுவும் அதே கேள்விதான், வேறு உடுப்பில்.

எக்செல் கோப்பாகக் கொடுத்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு செப்ட்1, மார்ச்1 என்று பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். ஆய்வுக் கட்டுரைகளோடு பகிரப்பட்ட பட்டியல்களில் இந்தப் பிழை பரவிப்போய், 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு பெயர்களையே மாற்றிவிட்டது! மென்பொருளுக்காக மரபணுவின் பெயரை மாற்றிய உலகம் இது. அதனால்தான் எந்தத் தலைப்பின் கீழ் என்ன இருக்கிறது, வெற்றுக் கட்டம் என்றால் சுழியமா அல்லது தகவல் வரவில்லையா, விளக்கம் எந்த ஆண்டில் மாறியது என்றெல்லாம் எழுதிய ஒரு குறிப்புத் தாள் அட்டவணையோடு கூடவே போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பேன். வெற்றுக் கட்டத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு சராசரி போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா? கூடாது. வெளியிடும் முன் ஒரு கேள்வி உண்டு: இதனால் யாருக்குத் தீங்கு வரும்? 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர், முகவரியை நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தரங்கம் பத்திரமாக இருக்கிறது என்று ஆளுநரே உறுதி சொன்னார். அப்போது ஆராய்ச்சி மாணவியாக இருந்த லத்தான்யா ஸ்வீனி, 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டு அந்த ஆளுநரின் மருத்துவப் பதிவையே எடுத்துக் காட்டினார். நியூயார்க் டாக்ஸிகளின் 17 கோடிக்கும் அதிகமான பயணங்கள் 2014-இல் வெளிவந்தபோது வண்டி எண்களைக் குறியீடாக மாற்றியிருந்தார்கள். ஒரு பொறியாளர் இரண்டு மணி நேரத்துக்குள் அவற்றை அவிழ்த்துவிட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டியவர் தரவை வைத்திருப்பவர், கேட்டு வந்தவர் அல்ல. பெயரை அடித்தால் போதாது. வெளியில் ஏற்கெனவே இருக்கும் பட்டியல்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஒன்று, இரண்டு என்று எண் வந்தால் அது ஓர் ஆளையே சுட்டிக்காட்டிவிடும் என்று அதை மறைப்பதும், பக்கத்துக் கட்டத்தோடு சேர்ப்பதும் எங்கள் தொழிலில் பழைய வழக்கம். சலிப்பான வேலைதான். ஆனால் அந்தச் சலிப்பைத் தவிர்க்க அந்தரங்கம் என்று சொல்லி, ஆள் பெயரே இல்லாத மழை அளவையும் பேருந்து நேரத்தையும் பூட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். தரவு திறக்கப்பட்டது என்று அடுத்த முறை செய்தி போடும் முன், உங்கள் நிருபரை ஒரு கோப்பையாவது திறந்து பார்க்கச் சொல்லுங்கள்: கூட்டிப் பார்க்க முடிகிற அட்டவணையா, படமா? கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? இரண்டாவது, நீங்கள் போடும் வரைபடங்களின் கீழே மூலம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி வருகிறது. அதற்குப் பக்கத்தில் அந்த எண்கள் எந்தத் தேதி வரையிலானவை என்று போட்டு, முழு அட்டவணையை உங்கள் இணையதளத்தில் வாசகர்கள் எடுத்துக்கொள்ளும்படி வைக்க முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளிவிவரத் தொகுப்பாளர்