தேய்க்காதே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அலமாரியைக் காலி செய்து திரும்ப அடுக்கலாம் என்று உட்கார்ந்தவன், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தே பொழுதைப் போக்கிவிட்டேன். "இன்னும் எவ்வளவு பித்தளை சேர்க்கப் போகிறீர்கள்?" என்ற கேள்வி வீட்டில் அப்படியேதான் இருக்கிறது.

புதிதாக வாங்கிய பழைய மைக்கூட்டைப் பளபளவென்று தேய்த்து வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தேய்க்காதே. என் குருவி கதையை உனக்குச் சொன்னதில்லை போலிருக்கிறது.

கட்டைவிரல் அளவு வெண்கலக் குருவி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வியன்னாவில் செய்தார்களே, அந்த ரகம். அங்கே பேர்போன ஃப்ரான்ஸ் பெர்க்மன் பட்டறையின் முத்திரை, ஜாடிக்குள் ஒரு 'பி'. கொஞ்சம் விவகாரமான பொம்மைகளில் மட்டும் பெயரின் ஆங்கில எழுத்துகளை (Bergman) பின்னாலிருந்து போட்டு 'நாம் கிரெப்' (Nam Greb) என்று பொறித்தார்கள். கில்லாடிகள்! என் குருவியில் முத்திரை எதுவும் இல்லை. இந்த ரகத்துக்கு வண்ணத்தைச் சூளையில் சுடுவதில்லை, பூசி அப்படியே உலரவிடுவார்கள். அது தெரியாமல், அழுக்கென்று நினைத்து பாலிஷ் போட்டுவிட்டேன். துணியில் முதலில் பழுப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் சிவப்பு. சிவப்பைப் பார்த்ததும்தான் கை நின்றது. இப்போது ஒரு பக்கம் குருவி, மறுபக்கம் வெறும் உலோகம். அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது.

உன்னுடையது பித்தளைதானா என்று முதலில் பார். காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாவிட்டால் உடனே சந்தோஷப்படாதே, துத்தநாகத்திலும் ஒட்டாது. கவிழ்த்து, அடி விளிம்பில் தேய்ந்த இடத்தைப் பார். மஞ்சள் தெரிந்தால் சரி. சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தால் துத்தநாக வார்ப்பு, மேலே வெறும் பூச்சு. தேய்க்கத் தேய்க்கப் பூச்சுதான் போகும். மூடியில் விரல் படும் இடம் மட்டும் மழுங்கியிருந்தால் நல்ல அறிகுறி. எல்லா மூலையும் ஒரே சீராக மழுங்கியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

மூலையில் பச்சை இருக்கிறது என்றாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கெட்டியாக, வழவழப்பாக ஒட்டியிருந்தால் பழைய களிம்பு, இருந்துவிட்டுப் போகட்டும். வெளிறிய பச்சையாக, பல்குத்தி பட்டதுமே பொடியாக உதிர்ந்தால் விஷயம் வேறு. உலோகத்தில் ஊறிய குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அரிக்கிறது. துடைத்தாலும் திரும்ப வரும். வெண்கல நோய் என்று பெயர், ஆனால் செம்பு கலந்த எதையும் பிடிக்கும், பித்தளையையும் விடாது. என் கைமணி ஒன்றுக்கு வந்து, இறுக்கமான டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அடைத்து வைத்திருக்கிறேன். அதன் சத்தம் கேட்டு எட்டு மாதம் ஆகிறது.

அடிப்பக்கத்தையும் அந்தப் பச்சையையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பு. அதுவரை மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவதோடு நிறுத்திக்கொள். அந்த பாலிஷ் டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வை.

உன்,
பழைய பித்தளைப் பைத்தியம்