ஆபரேஷனுக்கு முன், அத்தைக்கு

அன்புள்ள அத்தைக்கு,

இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று மாமா போனில் சொன்னார். வலி எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டதற்கு, "பரவாயில்லை, சமாளிக்கிறேன்" என்றீர்களாமே! அதைக் கேட்டதிலிருந்து மனசே ஆறவில்லை. பிசியோதெரபி பார்க்கிறவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டால் நீங்கள் நாலு என்பீர்கள். அது பொய்யில்லை. ஆனால் மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டீர்கள், கோயிலுக்குப் போவதில்லை, குளிக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறீர்கள். இதையெல்லாம் விட்டுக்கொடுத்து வாங்கிய நாலு அது. அதனால்தான் வலியை மட்டும் கேட்டால் போதாது, எதெல்லாம் செய்ய முடியவில்லை என்றும் கேட்க வேண்டும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் கேட்கும் வோமாக் என்ற படிவத்தில் இருக்கும் 24 கேள்விகளில் வலிக்கு 5, அன்றாட வேலைகளுக்கு 17.

முன்பெல்லாம் மூட்டு எப்படி இருக்கிறது என்று டாக்டர்தான் மதிப்பெண் போடுவார். 1969-ல் பாஸ்டனில் வில்லியம் ஹாரிஸ் என்ற டாக்டர் கொண்டுவந்த 100 மதிப்பெண் முறையில் வலிக்கு மட்டுமே 44. நல்ல முறைதான், இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் டாக்டர் முகத்துக்கு நேரே உங்களைப் போலத் தயங்குகிறவர்கள் நிறைய பேர். 1996-ல் ஆக்ஸ்போர்டில் வெளியான படிவத்தை நோயாளியே நிரப்ப வேண்டும். கடந்த நாலு வாரத்தைப் பற்றி 12 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 48 வந்தால் மூட்டில் தொல்லையே இல்லை என்று அர்த்தம்.

அதில் சாக்ஸ் போட முடிகிறதா என்று ஒரு கேள்வி வரும். நமக்கேது சாக்ஸ் என்று தாண்டிவிடாதீர்கள். குனிந்து பாதத்தைத் தொட முடிகிறதா என்பதுதான் விஷயம். கால் நகத்தை இப்போது யார் வெட்டிவிடுகிறார்கள் என்று யோசித்துவிட்டு பதில் எழுதுங்கள். ராத்திரி படுக்கையில் வலிக்கிறதா என்றும் இருக்கும். புரண்டு படுக்கும்போதெல்லாம் விழித்துக்கொள்கிறீர்களே, அது இங்கேதான் வர வேண்டும். தரையில் சம்மணம் போடுவது, இந்தியன் டாய்லெட்டில் உட்காருவது இதெல்லாம் அந்தப் படிவத்தில் கிடையாது. டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், ஆபரேஷனுக்கு அப்புறம் எதற்கெல்லாம் அனுமதி என்றும் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வலிக்கிற இடத்தைக் கை வைத்துக் காட்டுங்கள். இவ்வளவு நாள் முட்டிக்குத் தைலம் தேய்த்தீர்கள். இடுப்பு மூட்டு தேய்ந்தால் பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் வலிக்கும், ஆனால் சிலருக்கு அது முழங்கால்வரை இறங்கும்.

ஆறு மாதம் கழித்து இதே படிவத்தை மறுபடி நிரப்புவீர்கள். இங்கிலாந்தில் அரசு மருத்துவ சேவை 2009-லிருந்து இப்படித்தான் முன்னும் பின்னும் கேட்டு வைக்கிறது. இன்றைக்கு மதிப்பெண்ணை உள்ளதைவிட அதிகமாகப் போட்டுவிட்டால், ஆபரேஷன் எவ்வளவு உதவியது என்று அன்றைக்கு எப்படித் தெரியும்? வலி போனபின் பழைய வலியின் அளவும் மறந்துபோகும்.

மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பாதீர்கள், அவரே பதில் சொல்லிவிடுவார். ஆஸ்பத்திரியில் படிவம் தராவிட்டால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நான் போனில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். வலி மாத்திரை ஒரு நாளைக்கு எத்தனை போடுகிறீர்கள் என்பதையும் அன்றைக்கு மறைக்காமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்