பீப்பாயில் இருக்கும் ஒயினுக்கு முழுப் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரான்சின் போர்டோ பகுதி ஒயினில் முதலீடு செய்வது பற்றித் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரை, “பாட்டிலில் அடைக்கும் முன்பே வாங்கினால் மலிவு” என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பணம் போடுகிறவர் அந்த ஒரு வரியை நம்பக் கூடாது.

அங்கே அறுவடை செப்டம்பர், அக்டோபரில். அடுத்த ஏப்ரலில் வணிகர்களும் விமர்சகர்களும் சுவைக்க வரும்போது ஒயின் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஆறு மாதக் குழந்தை. பல்லில் கறை ஏறும். பாக்கு மென்றதுபோல் நாக்கு துவர்க்கும். கையில் தருவது பெரும்பாலும் இறுதிக் கலவைகூட இல்லை. மெர்லோ, கபர்னே எனும் திராட்சை வகைகளின் பீப்பாய்களிலிருந்து எடுத்துச் சேர்த்த மாதிரி. திறந்து ஒரு நாள் போனால் அதன் சுவையே மாறிவிடும். அதனால்தான் விமர்சகர்கள் நூற்றுக்கு 95-97 என்று இடைவெளி விட்டு மதிப்பெண் போடுகிறார்கள். விளம்பரத்தில் 97 மட்டும் பெரிதாகத் தெரிந்தால் உஷாராக இருங்கள்.

மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை எடுப்பது போன்றது இது என்று எழுதியிருந்ததும் பொருந்தாது. தோப்பில் காய்ப்பு பொய்த்தால் நஷ்டம். இங்கே திராட்சை பறித்தாகிவிட்டது; அடி விழுவது விலையில். 1982 அறுவடையை முன்கூட்டி வாங்கியவர்கள் நன்றாகச் சம்பாதித்தார்கள். 2010 அறுவடை அருமையானதுதான். ஆனால் வெளியீட்டு விலை உச்சத்தில் இருந்ததால் வாங்கிய பலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் போட்ட பணம் திரும்பவில்லை. ஷத்தோ (ஒயின் தயாரிக்கும் தோட்டம்) லத்தூர் 2012-இல் இந்த முறையிலிருந்தே விலகி, குடிக்கும் பக்குவம் வந்த பிறகுதான் விற்போம் என்றது.

எனவே மே, ஜூனில் விலை வந்ததும் முதல் வேலை, அதே ஷத்தோவின் அதே தரமுள்ள பழைய ஆண்டுகள் இன்று என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்று பார்ப்பது. புது ஒயின் அவற்றைவிடத் தெளிவாகக் குறைவாக இல்லையென்றால் வாங்க வேண்டாம். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பாட்டில் போடும் ஷத்தோக்களுக்கு அவசரமே தேவையில்லை, பிறகும் கிடைக்கும். போர்டோவின் பொமரோல் பகுதியில் இருப்பது போன்ற சிறிய தோட்டங்களின் கதை வேறு.

பிரிட்டனில் சொல்லும் விலை வரி சேராதது. 12 பாட்டில் பெட்டி 600 பவுண்டு என்றால், பாட்டிலுக்கு ஏறக்குறைய 3 பவுண்டு கலால் சேர்ந்து 636; அதன்மேல் 20 சதவீத வாட் சேர்ந்தால் சுமார் 763. வருடா வருடம் கிடங்கு வாடகை தனி.

இதைவிடப் பெரிய ஆபத்து ரசீதில் இருக்கிறது. பணம் கட்டி ஒயின் வந்து சேர இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் விற்றவர் திவாலானால், பாக்கி வர வேண்டியவர்கள் வரிசையில் வாங்கியவர் கடைசியில் நிற்பார். ஷத்தோ, அறுவடை ஆண்டு, பாட்டில் அளவு, எண்ணிக்கை நான்கும் ரசீதில் இருக்க வேண்டும். போர்டோ மொத்த வியாபாரியிடம் சரக்கு ஒதுக்கப்பட்டதற்கு எழுத்துச் சான்று கேளுங்கள். சரக்கு வந்தபின் வரி கட்டாத சரக்கை வைக்கும் பாண்டட் கிடங்கில், விற்றவர் கணக்கில் விடாமல் உங்கள் சொந்தப் பெயரில் வைக்கச் சொல்லிப் பெட்டிக் குறியீட்டு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

மேக்னம் எனும் 1.5 லிட்டரோ 375 மில்லி அரைப் பாட்டிலோ வேண்டுமானால் ஆர்டரின்போதே சொல்லிவிட வேண்டும். அடைத்த பிறகு அந்த அளவுகள் கிடைப்பது அரிது.

இங்ஙனம்,
வாசகர், லண்டன்