எல்லாமே ‘திருத்தம்’தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போட்டித் தேர்வுப் பயிற்சி நூல்கள் பலவும் அமெண்ட், எமெண்ட், ரிவைஸ், ரெக்டிஃபை என்ற ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றுக்கும் ‘திருத்து’ என்றே பொருள் போட்டுவிடுகின்றன. அது போதாது.

சட்டத்திலோ தீர்மானத்திலோ ஒரு பகுதியைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது அமெண்ட். பழையதில் பிழை இருந்தாக வேண்டும் என்பதில்லை. 1951இல் அரசியலமைப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கான சிறப்பு ஏற்பாடுகளை அனுமதிக்கும் 15(4) பிரிவு சேர்ந்தது இவ்வகை. எமெண்ட் பதிப்பாசிரியரின் வேலை. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ‘ர’வும் துணைக்காலும் (‘கா’வில் வரும் ‘ா’) ஒரே உருவம். படியெடுத்தவர் மயங்கி எழுதியதைப் பொருளும் யாப்பும் பார்த்துச் சீர்செய்வதே எமெண்ட். தேர்வில் ‘பாடம்’ (நூலின் மூல வாசகம்), ‘சுவடி’ என்ற குறிப்பு வாக்கியத்தில் இருந்தால் தயங்காமல் இதைக் குறிக்கலாம். ‘மேக் அமெண்ட்ஸ்’ வேறு. செய்த தீங்குக்கு ஈடுசெய்வது அது. கடைசி ‘ஸ்’ விட்டுப்போனால் தொடரே தவறு.

ரிவைஸ், ரெக்டிஃபை இரண்டும் குழம்பினால் மதிப்பெண் மட்டுமல்ல, பணமும் போகும். வருமான வரிக் கணக்கில் வங்கி வட்டியைக் காட்ட நாம் மறந்திருந்தால் தாக்கல் செய்ய வேண்டியது ‘ரிவைஸ்டு’ ரிட்டர்ன். நாம் சரியாகக் காட்டிய டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்தம் செய்யப்பட்ட வரி) வரித் துறையின் உத்தரவில் விடுபட்டிருந்தால் ‘ரெக்டிஃபிகேஷன்’ மனு. மறந்த வருமானத்தை இந்த மனுவில் நுழைத்தால் எடுபடாது. ஆவணத்தில் வெளிப்படையாகத் தெரியும் பிழைக்கு மட்டுமே அந்த வழி.

தங்கள் நாளிதழின் கல்விப் பக்கம் சொல்லுக்கு ஒரு வாக்கியமாவது சேர்த்து வெளியிட்டால் நல்லது.

– ஆங்கில ஆசிரியர், மதுரை