நூறு வெள்ளியும் இருநூற்று இருபத்தொரு வெள்ளியும்

ஜெலுத்தோங், பினாங்கு
20 செப்டம்பர் 2025

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்த அன்றுதான் தங்கை மகன் மோட்டாரிலிருந்து விழுந்துவிட்டான். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, மழை, ஆயர் ஈத்தாம் பக்கம் வழுக்கிவிட்டது. முழங்காலில் ஏழு தையல். அரசு மருத்துவமனையில் 1 வெள்ளிதான், ஒரே ஒரு ரிங்கிட், வாங்கினார்கள். அந்த ரசீதை மடித்து வைத்திருக்கிறேன், உனக்குக் காட்டத்தான். "வரி கட்டி என்னத்தைக் கண்டோம்" என்று எழுதியிருந்தாயே.

பத்து நாளைக்கு எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்தார்கள். அதை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? அவனுக்கு முதலாளி என்று ஒருவர் இல்லை, கைப்பேசியில் ஒரு செயலிதான். "மாமா, நான் வேலைக்காரன் இல்லையாம், பங்காளியாம்" என்று காலை நீட்டிப் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். பங்காளி என்றால் சொத்தில் பாகம் கேட்டுச் சண்டை போடுகிறவன் அல்லவா? இவன் எதில் பாகம் கேட்பான்? சுயதொழில்காரர்களுக்கான சொக்சோ விபத்துக் காப்புச் சந்தாவையும் இந்த வருஷம் கட்டாமல் விட்டிருக்கிறான். அதற்குத் திட்டு வாங்கிக்கொண்டான், அது வேறு கதை.

நம் அப்பாக்கள் நினைவுக்கு வந்தார்கள். ரப்பர் தோட்டத்தில் இருட்டோடு எழுந்து, பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, மரம் சீவி, கணக்கு எழுதும் கிராணியிடம் ஏச்சு வாங்கியவர்கள். அந்த வாழ்க்கையை நான் புகழவில்லை. ஆனால் 1951இல் வந்த ஊழியர் சேமநிதிச் சட்டத்தால் முதலாளியும் அவர்கள் கணக்கில் பணம் போட வேண்டியிருந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது என் அப்பா கையில் இருந்தது அது ஒன்றுதான். இன்று 1,700 வெள்ளி சம்பளக்காரனுக்கு 187 வெள்ளி பிடிக்கிறார்கள், முதலாளி 221 வெள்ளி போடுகிறார். தங்கை மகன் சில மாதம் 1,700ஐ விட அதிகமாகவே சம்பாதிக்கிறான். அந்த 221 மட்டும் வருவதில்லை. நான் பேசுவதெல்லாம் அந்த 221ஐப் பற்றித்தான், மச்சான். நீ அதைச் சோம்பேறிகளுக்குப் படியளப்பது என்கிறாய்.

போன மாதம் மக்களவையில் இவன் மாதிரி ஆட்களுக்கான கிக் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது. வருமானத்தில் 1.25 விழுக்காட்டைப் பிடித்துச் சொக்சோவுக்குக் கட்ட வேண்டும், தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் என்றெல்லாம் இருக்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் விபத்துக்குக் காப்பு வேறு, வயதான காலத்துக்குச் சேமிப்பு வேறு.

மைகார்டில், அதான் அடையாள அட்டையில், அரசு போட்ட 100 வெள்ளிக்கு என் வீட்டுக்காரியும் போய் அரிசியும் எண்ணெயும் வாங்கி வந்தாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சாப்பிட்டேன். ஆனால் அது கொடுக்கிறவருக்கு மனசு வந்தால் வருவது. 221 அப்படியில்லை, வராவிட்டால் கேள்வி கேட்கலாம்.

உன் மகனின் அச்சுக்கூடக் கவலை எனக்குப் புரிகிறது. பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, ஆறு பேருக்குக் கொடுக்கச் சுமைதான். ஆனால் பக்கத்துக் கடைக்காரனும் அதே 1,700ஐக் கொடுத்தாக வேண்டும் என்பதால்தான் உன் மகன் நல்லவனாக இருந்தும் நஷ்டப்படாமல் இருக்கிறான். சுவீடனில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே கிடையாது தெரியுமா? 1938இல் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் உட்கார்ந்து, பேச்சுவார்த்தைக்கு விதிமுறை வகுத்துக்கொண்டார்கள். இன்னமும் துறைவாரியாகப் பேசித்தான் சம்பளம். பணக்கார நாடு, செய்யலாம் என்பாய். அதற்கு முந்தைய தலைமுறைகளில் பத்து லட்சம் பேருக்கு மேல் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய நாடு அது. நம் தாத்தாக்கள் நாகப்பட்டினத்தில் ஏறின மாதிரிதான்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, 1960இல் அப்போது அமைச்சராயிருந்த சம்பந்தன் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினாரே, அது என்ன பிச்சையா? மரம் சீவியவர்களே தோட்டம் வாங்கினார்கள். அம்மா அந்தப் பங்குச் சீட்டைத் தகரப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தது உனக்கும் தெரியும். பின்னாளில் நம் ஆட்கள் கூட்டுறவு என்றாலே எகத்தாளம் பேசும்படி ஆனதற்கு நாமும் காரணம். கூட்டத்துக்குப் போய்க் கணக்குக் கேட்டோமா? மீ கோரெங் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தோம்.

சரி, தைப்பூசத்துக்கு வருகிறாய்தானே? மகனையும் கூட்டி வா. பட்டர்வொர்த் வரை ரயிலில் வந்துவிடுங்கள், ஃபெர்ரியில் பேசிக்கொண்டே வரலாம். சண்டையைத் தண்ணீர்மலை முருகன் கோயில் படி ஏறும்போது வைத்துக்கொள்ளலாம், மூச்சு வாங்கினால் நீ குறைவாகப் பேசுவாய்.

தங்கை மகன் ஆறாம் நாளே மோட்டாரை எடுத்துவிட்டான். முழங்காலை மடக்க முடியாமல், ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டியபடியே ஓட்டுகிறான்.

அன்புடன்,
உன் லயத்து வீட்டுக் கூட்டாளி