கலைநிகழ்ச்சிக் காணொளிகள்: பின்னணி இசை பற்றி

வணக்கம் பெற்றோர்களே. பிள்ளைகளின் கோலாட்டக் காணொளி யூடியூபில் முடக்கப்பட்டுவிட்டது, பின்னணியில் ஓடிய சினிமாப் பாட்டுதான் காரணம். இரண்டு மாதம் பயிற்சி எடுத்த ஆட்டத்தைத் தாத்தா பாட்டிகள் பார்க்க முடியாமல் போனது எனக்கு ரொம்ப வருத்தம். அந்தப் பாட்டை யூடியூப் ஸ்டூடியோவிலேயே (காணொளிகளை நிர்வகிக்கும் பக்கம்) மாற்றலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மீதி 6 காணொளிகளை வரும் ஞாயிறு இரவு 8 மணிக்குள் அனுப்புங்கள்.

1. சினிமாப் பாட்டு வேண்டாம். சில வினாடி பரவாயில்லை என்று விதி எதுவும் கிடையாது, சிறு துண்டையும் யூடியூபின் தானியங்கிச் சோதனையான கன்டென்ட் ஐடி கண்டுபிடித்துவிடும்.

2. யூடியூப் ஸ்டூடியோவின் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. சிலவற்றுக்கு மட்டும் இசையமைத்தவர் பெயரைப் போட வேண்டும், அங்கே தரும் வரியை அப்படியே எனக்கு அனுப்பிவிடுங்கள்.

3. தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளுக்கு இன்று பதிப்புரிமை இல்லை. ஆனால் இப்போதைய பாடகர் பாடி வெளியிட்ட பதிவுக்கு உண்டு. நம் பிள்ளைகளே பாடினால் தாராளமாகப் போடலாம்.

4. பட்டர்வொர்த் ஊர்ப் பையன்கள் சொந்தமாக வாசித்த உறுமி மேளம் யாரிடமாவது பதிவாக இருக்கிறதா? அதைவிட நல்ல இசை நமக்குக் கிடைக்காது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

யார் எந்தக் காணொளி என்று இன்றிரவே இங்கே எழுதுங்கள். செய்யத் தெரியாதவர்கள் கூப்பிடுங்கள், உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.