வலி பெரிதாகும் முன் ஒரு பல் டாக்டர்

அன்புள்ள கண்ணா,

குளிர்ந்த தண்ணீர் பட்டால் கீழ்க் கடைவாய்ப்பல் கூசுகிறது என்று போனில் சொன்னாயே, அதிலிருந்து எனக்கு அதே நினைப்பாக இருக்கிறது. வலி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடாதே. நீ இருக்கும் வெளிநாட்டில் அந்த ஊர் மொழி உனக்குத் தெரியாது, அதனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலம் பேசும் பல் டாக்டர் ஒருவரை இந்த வாரமே தேடிப் பிடி.

கூச்சம் சில நொடிகளில் அடங்கினால் பெரும்பாலும் பல்லை அடைப்பதோடு முடிந்துவிடும். தண்ணீர் குடித்து முடித்த பிறகும் வலி நீடித்தாலோ, ராத்திரியில் தானாகவே விண்விண் என்று தெறித்தாலோ, உள்ளே நரம்பு வரை போயிருக்கலாம். அப்போது ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, தேவைப்படலாம். எந்த மாதிரி வலி என்பதை நீ சொல்ல, அவருக்குப் புரிய வேண்டும். அதற்காகத்தான் மொழியைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

பல நாடுகளில் அமெரிக்க, பிரிட்டன் தூதரகங்கள் ஆங்கிலம் பேசும் மருத்துவர்களின் பட்டியலை இணையதளத்தில் போட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது திறமைக்கு உத்தரவாதம் இல்லை. உன்னோடு வேலை செய்கிறவர்களிடமும் விசாரி. போன் செய்யும்போது, சிகிச்சை செய்யும் டாக்டரே ஆங்கிலத்தில் விளக்குவாரா என்று கேள். வரவேற்பில் இருப்பவர் நன்றாகப் பேசி, உள்ளே டாக்டருக்குத் தெரியாமல் போவதும் உண்டு. சரளமாகப் பேசி அவசரப்படுத்துகிறவரைவிட, தட்டுத் தடுமாறியாவது எக்ஸ்ரேயைக் காட்டி என்ன செய்யப் போகிறார், எவ்வளவு ஆகும் என்று சொல்கிறவரே மேல்.

வாயைத் திறந்தபின் எந்த மொழியும் உதவாது. அதனால் வலித்தால் இடது கையைத் தூக்குவேன், உடனே நிறுத்துங்கள் என்று முதலிலேயே பேசிக்கொள். எந்தப் பல் என்பதை விரலால் தொட்டுக் காட்டு. எண்ணை மட்டும் நம்பாதே. அமெரிக்காவில் பற்களை 1 முதல் 32 வரை எண்ணுவார்கள். வேறு பல நாடுகளில் முதல் இலக்கம் வாயின் எந்தப் பகுதி, அடுத்த இலக்கம் அதில் எத்தனையாவது பல் என்று இரண்டு இலக்கமாக எழுதுவார்கள். இடது கீழ் முதல் கடைவாய்ப்பல் அமெரிக்காவில் 19, அந்த நாடுகளில் 36.

பென்சிலின் உனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை அந்த ஊர் மொழியிலும் எழுதி பர்ஸில் வைத்துக்கொள். இது ரொம்ப முக்கியம். இன்சூரன்ஸில் பல்லுக்குப் பணம் தருவார்களா, அவசரத்துக்கு மட்டும்தானா என்றும் பார்த்துவிடு.

இன்னொன்று. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் மொழி, டாக்டர் என்று எதையும் தேடாதே. நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போ.

உன் பழைய எக்ஸ்ரேக்களை அப்பா ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். டாக்டரைப் பார்க்கும் தேதி கிடைத்ததும் சொல், அனுப்புகிறோம்.

அன்புடன்,
அம்மா